உருளைக்கிழங்குச் செடி வாடுகிறது, தோண்டினால் கிழங்கு அழுகியிருக்கிறது: காரணம் கண்டுபிடிக்க உதவுங்கள்

பள்ளத்தூர் கொல்லை | ஜனவரி 12

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் இருக்கிறேன். வயது 66. எங்கள் வீட்டின் கடைசிக் கட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் கொல்லை உண்டு. செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம். கிணற்றுத் தண்ணீர் பாய்கிறது.

செட்டிநாட்டு வெயிலில் உருளைக்கிழங்கா என்று கேட்பீர்கள். என் அப்பத்தாளும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் கார்த்திகை பிறந்ததிலிருந்து தை முடியும்வரை எங்கள் ஊரிலும் இரவு குளிர்கிறது. அந்த மூன்று மாதத்துக்குள் சின்னக் கிழங்காவது எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மாசியில் எங்கள் பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையல் இடும் படைப்பு இருக்கிறது. அன்றைய வறுவலுக்கு இந்தக் கொல்லைக் கிழங்கு வேண்டும் என்பது என் ஆசை.

விவரங்களைப் பேரேட்டிலிருந்தே எழுதுகிறேன். என் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர். 1942-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியபோதும் கணக்கு எழுதும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. அது எனக்கும் வந்திருக்கிறது.

நட்ட நாள் நவம்பர் 24. மொத்தம் 18 பார் (மண்ணைக் கூட்டிய மேட்டு வரிசை), பாருக்கு 55 விதை, ஆக 990. எடை 36 கிலோ. விதை மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் வந்த கிழங்கு. குஃப்ரி ஜோதி ரகம் என்று சொல்லித் தந்தார்கள். முழுக் கிழங்காகவே நட்டேன், வெட்டவில்லை. மண் சூடாகாமல் இருக்க மூடாக்கு போட்டேன். டிசம்பர் முதல் வாரம் மூன்று நாள் மழை. டிசம்பர் 22-இல் செடியின் அடியில் மண்ணைக் குவித்துப் பார் அணைத்தோம். அதுவரை செடி கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றது.

ஜனவரி 2-ஆம் தேதி முதல் செடி வாடியது. மதியம் தொங்குகிறது, மாலையில் நிமிர்கிறது, மூன்றாம் நாள் நிமிர்வதில்லை. அடி இலைகள் மஞ்சளாகின்றன. பிடித்து இழுத்தால் தண்டு அடியில் இற்றுக் கையோடு வருகிறது. மண்ணைத் தோண்டினால் கிழங்கு சிலவற்றில் பழுப்புத் திட்டு, சிலவற்றில் உள்ளே கூழ். கூழான கிழங்கின் நாற்றம் தாங்க முடியவில்லை. கையைச் சீயக்காய் போட்டுக் கழுவியும் போகவில்லை.

மருந்துக்கடைக்குப் போனேன். செடியைக் கொண்டுவரவா என்று கேட்டேன், தேவையில்லை என்றார்கள். ஜனவரி 5-இல் மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளித்தேன். நிற்கவில்லை. 9-ஆம் தேதி தாமிர மருந்தும் ஆன்ட்டிபயாடிக் பொடியும் தந்து வேரில் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். இன்றுவரை 137 செடிகள் போய்விட்டன. மூன்றாவதாக ஒரு மருந்து சொல்கிறார்கள். அதை வாங்க மனம் வரவில்லை. செடியை ஒருமுறைகூடப் பார்க்காமல் அதற்கு என்ன வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

என் கேள்வி ஒன்றே. மருந்து எது என்று கேட்கவில்லை. காரணம் எது, அதை நான் வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

கேத்தி உருளை விவசாயி | ஜனவரி 12

வணக்கம் அம்மா. நீலகிரியில் மூன்று தலைமுறையாக உருளைக்கிழங்கு போடுகிறோம். எங்கள் ஊரில் அழுகல் என்று யாராவது சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது பின்கருகல் நோய்தான். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் அது இல்லை என்றே தோன்றுகிறது.

பின்கருகல் இலையில் தொடங்கும். ஓரத்தில் நனைந்தது போன்ற கரும்பச்சைத் திட்டு வரும், பிறகு கறுக்கும். பனி இறங்கிய காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் திட்டின் ஓரத்தில் வெள்ளையாக மெல்லிய படலம் இருக்கும். மேகமூட்டம், தூறல், குளிர் மூன்றும் சேர்ந்து நான்கு நாள் நின்றால் ஒரு தோட்டமே வெந்ததுபோல் ஆகிவிடும். கிழங்கில் இறங்கினால் தோலுக்கடியில் செம்பழுப்பாக, கட்டியாக இருக்கும். கூழாகாது, நாறாது, பின்னால் வேறு கிருமி புகுந்தால்தான் நாறும். உங்கள் செடியில் இலையில் திட்டு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, தண்டுதான் இற்றுப்போகிறது. அப்படியானால் மேன்கோசெப்பை இலையில் தெளித்து என்ன பயன்?

விதை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் பல ஊர்க் கிழங்குகள் வந்து சேர்கின்றன. தின்பதற்கு வரும் கிழங்கு வேறு, விதைக்கிழங்கு வேறு. மண்டிக் கிழங்கில் எந்த ஊர் மண்ணின் எந்த நோய் ஒட்டியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் நீலகிரி மண்ணில் 1961-இலேயே உருளைக்கிழங்கு நூற்புழு கண்டறியப்பட்டது. வேரில் கடுகைவிடச் சின்னதாக, தங்க நிறத்தில் உருண்டை உருண்டையாக ஒட்டியிருக்கும். அதனால்தான் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போகத் தடை வந்தது. மலையின் விதையை மலைக்கு வெளியே கொண்டுபோவதை நாங்களே விரும்புவதில்லை.

ஒரு கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தோலுக்குச் சற்று உள்ளே வளையம்போல் பழுப்புக் கோடு ஓடுகிறதா? அழுத்தினால் பால்போல் கசிகிறதா? அதைச் சொன்னால் அடுத்ததைப் பேசலாம்.

ஒட்டன்சத்திரம் கத்தரித் தோட்டம் | ஜனவரி 12

அம்மா, எனக்குச் சந்தேகம் பாக்டீரியா வாடல் மீதுதான். என் கத்தரியில் இதேபோல் வந்தது. பச்சை இலையோடு மதியம் தொங்கும், மாலையில் எழும், பிறகு எழாது. தக்காளி, மிளகாய், கத்தரி, உருளை எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வந்தது மற்றதற்கும் வரும்.

கண்ணாடி டம்ளர் சோதனை செய்யுங்கள். வாடிய தண்டின் அடிப்பக்கத்தில் இரண்டு அங்குலம் வெட்டி, தெளிந்த தண்ணீரில் வெட்டிய நுனி மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். ஆட்டக்கூடாது. ஐந்து நிமிடத்தில் நூல்போல வெள்ளையாக இறங்கினால் அந்த வாடல்தான். அது வந்துவிட்டால் மருந்தே இல்லை, அம்மா. அந்தப் பொடிக்கு நானும் நிறையச் செலவு செய்திருக்கிறேன். கடைசியில் நிலத்தை மாற்றினேன்.

பயிர்நோய் ஆசிரியர், ஓய்வு | ஜனவரி 13

ஆச்சிக்கு வணக்கம். நான் பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம், எனவே ஆச்சி என்றே அழைக்கிறேன். பயிர்நோயியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இத்தனை ஆண்டுகளில் மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னதை நீங்கள் ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள்: மருந்து எது என்பதல்ல, காரணம் எது. முந்தைய இருவரும் நல்ல வழியில்தான் போகிறார்கள். நான் அதைச் சற்று ஒழுங்குபடுத்துகிறேன்.

முதலில் அந்த நாற்றத்தை ஒதுக்கி வையுங்கள். கிழங்கைக் கூழாக்கி நாற வைப்பவை மென்னழுகல் பாக்டீரியாக்கள். பெக்டோபாக்டீரியம் என்ற பேரினம் அதில் முக்கியம். இவை மண்ணில் எங்கும் இருக்கின்றன. காயம் பட்ட கிழங்கில், தண்ணீர் தேங்கி மூச்சுத் திணறிய கிழங்கில், வேறு நோய் தொட்ட கிழங்கில் புகும். பெரும்பாலும் கடைசியாக வருபவை இவைதான். நாறிய கிழங்கை எடுத்துக்கொண்டு எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் அதில் பாக்டீரியாதான் தெரியும். முதலில் வந்து கொன்றது எது என்பது அதற்குள் மறைந்துபோயிருக்கும்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்து ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அப்போது அறிஞர்களிடையே நடந்த வாதமே இதுதான்: இலையில் தெரிகிற பூஞ்சை நோய்க்குக் காரணமா, அல்லது அழுகிய இலையில் பிறகு முளைத்ததா? மழைதான் காரணம், பூஞ்சை அதன் விளைவு என்று பலர் உறுதியாக நம்பினார்கள். பூஞ்சைதான் காரணம் என்று 1846-இல் பெர்க்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதினார். 1861-இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி, நல்ல செடிகளில் அந்தப் பூஞ்சையின் வித்தை இட்டு நோயை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் கேள்வி தீர்ந்தது. பதினாறு ஆண்டுகள் ஆயின. நமக்கு எட்டு நாள் போதும்.

நாளைக் காலையில் முழுதும் செத்த செடியைத் தொடாதீர்கள். நேற்று அல்லது இன்றுதான் வாடத் தொடங்கிய செடிகளில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். இழுக்கக் கூடாது. கைக்கொத்தால் சுற்றிலும் மண்ணோடு பெயர்த்தெடுங்கள். மண் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலும் இரண்டு விரல் கீழும் உள்ள தண்டைப் பாருங்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். என்ன நிறம், ஏதாவது ஒட்டியிருக்கிறதா, தோல் உரிகிறதா என்று உங்கள் பேரேட்டில் எழுதுங்கள். தண்டைக் கீறினால் உள்ளே கரித்தூள் தூவியதுபோல் நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது வேறு, மேக்ரோபோமினா என்னும் கரியழுகல். அது சூடான மண்ணில் வரும் நோய்.

பிறகு கண்ணாடிச் சோதனை. அதில் ஒரு திருத்தம்: நல்ல செடி ஒன்றின் தண்டையும் பக்கத்தில் இன்னொரு கண்ணாடியில் வையுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் கண் ஆசைப்பட்டதைப் பார்த்துவிடும்.

மூன்றாவது ஈரக் காகிதச் சோதனை. வாடிய செடியின் அடித்தண்டைக் கழுவி, நனைத்துப் பிழிந்த செய்தித்தாள் மேல் ஒரு தட்டில் வைத்து, மேலே பிளாஸ்டிக் உறையால் மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். தண்டுக்குள் பூஞ்சை இருந்தால் அதுவே வெளியே வந்து முகம் காட்டும்.

மூன்று கேள்விகள். வாடிய செடிகள் எந்தெந்தப் பாரில் எத்தனை? இந்தக் கொல்லையில் இதற்கு முன் என்ன இருந்தது? மூடாக்கு என்று எழுதினீர்கள், எதைப் போட்டீர்கள் என்று எழுதவில்லை, அது என்ன?

பள்ளத்தூர் கொல்லை | ஜனவரி 21

ஐயா அவர்களுக்கும் கேத்தித் தம்பிக்கும் ஒட்டன்சத்திரம் தம்பிக்கும் நன்றி. எட்டு நாளும் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதும்போதே கை நடுங்குகிறது, ஏனென்றால் விடை என் பேரேட்டிலேயே இருந்திருக்கிறது.

ஜனவரி 14 பொங்கல் வேலைக்கு முன்பே, விடியற்காலையில் மூன்று செடிகளைப் பெயர்த்தேன். மூன்றிலும் மண் மட்டத்தில் தண்டு பழுப்பாகி, தோல் நாராக உரிந்தது. அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பஞ்சை விசிறிபோல் பிரித்து ஒட்டியது போன்ற பூசணம். இதை நான் முன்பே பார்த்திருந்தேன். மூடாக்கில் பூத்த பூசணம் என்று நினைத்து உங்களுக்கு எழுதாமல் விட்டேன். அது என் பிழை. தண்டைக் கீறிப் பார்த்ததில் கரித்தூள் போன்ற புள்ளிகள் இல்லை.

கண்ணாடிச் சோதனைக்குப் பர்மா போய்வந்த என் ஐயா காலத்து ரங்கூன் கண்ணாடிச் சீசாக்கள் நான்கை எடுத்தேன். மூன்றில் வாடிய தண்டு, ஒன்றில் நல்ல தண்டு. அரை மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நான்கிலும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நூல் இறங்கவில்லை. நாறாத கிழங்குகளில் ஆறு வெட்டிப் பார்த்தேன். வளையக் கோடும் இல்லை, பால் கசிவும் இல்லை. ஒட்டன்சத்திரம் தம்பி, அந்த வாடல் இல்லை என்றே நினைக்கிறேன். என் வயிற்றில் பால் வார்த்தது அந்தத் தெளிந்த தண்ணீர்தான்.

ஈரக் காகிதத்தை வெள்ளை மங்குத் தட்டில் விரித்து வைத்தேன். இரண்டாம் நாள் தண்டில் வெள்ளை இழை. மூன்றாம் நாள் காகிதம் முழுக்கப் பரவிவிட்டது. ஐந்தாம் நாள் இழைகளின் மேல் வெள்ளை மணிகள், ரவை அளவு. ஏழாம் நாள் அவை மஞ்சளாகி, இன்று காலை கடுகுபோல் பழுப்பாக இருக்கின்றன. தட்டைச் சாய்த்தால் உருள்கின்றன. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன ஆடியில் நிலக்கடலை பிடுங்கும்போது சில கொடிகளின் அடியில் இதே மணிகள் கிடந்தன. வேலைக்கு வந்தவர், யாரோ கடுகைக் கொட்டியிருக்கிறார்கள் என்றார். நான் ஏதோ பூச்சியின் முட்டை என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். கொல்லையை நான் இரண்டாகப் பிரித்துப் பயிர் செய்வேன். பார் 1 முதல் 9 வரை உள்ள மேல்பாதியில் முன்பு இருந்தது மக்காச்சோளம். 10 முதல் 18 வரை உள்ள கீழ்ப்பாதியில் நிலக்கடலை. மூடாக்குக்கு மேல்பாதியில் தென்னை ஓலை போட்டேன், கீழ்ப்பாதியில் அந்தக் கடலைக் கொடியையே காயவைத்துப் போட்டேன். அங்கே விளைந்தது அங்கேயே போகட்டும் என்ற எண்ணம். பார் அணைத்தபோது மேல்பாதியில் ஓலையை எடுத்துவிட்டு அணைத்தார்கள். கீழ்ப்பாதியில் கொடி உதிர்ந்து கிடந்ததால் அதையும் மண்ணோடு சேர்த்தே தண்டில் அணைத்துவிட்டார்கள்.

நேற்று மாலை கணக்கு: மொத்தம் வாடியவை 204. அதில் மேல்பாதி 11. கீழ்ப்பாதி 193.

ஐயா, இந்தக் கடுகின் பெயர் என்ன?

பயிர்நோய் ஆசிரியர், ஓய்வு | ஜனவரி 21

ஆச்சி, நீங்கள் செய்தது ஒரு முறையான ஆய்வு. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே நாளில் நட்டவை. மாறியது முன்பயிரும் மூடாக்கும் மட்டும். 11-க்கும் 193-க்கும் உள்ள தூரம் அங்கிருந்து வந்தது. விதையைச் சந்தேகித்தோம், விதை குற்றவாளியாக இருந்திருந்தால் நோய் பார் பார்த்து வந்திருக்காது.

அந்தக் கடுகின் பெயர் ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1892-இல் தக்காளிச் செடிகளில் இதைக் கண்டு எழுதிய ரால்ஃப்ஸ் என்பவரின் பெயர் 1911-இல் இதற்குச் சூட்டப்பட்டது. நிலக்கடலையில் தண்டழுகல் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். சேனைக்கிழங்கின் அடியழுகல், வெற்றிலைக் கொடியின் வாடல் இவற்றிலும் இதன் கை உண்டு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட செடிவகைகளைத் தாக்கும். நீலகிரித் தம்பிக்கு இது அதிகம் பழக்கமில்லாததற்குக் காரணம் வெப்பம். மண் 25 முதல் 35 டிகிரிவரை இருந்தால்தான் இது நன்றாகச் செழிக்கும். பின்கருகல் குளிரில் ஆடுகிறது, இது சூட்டில் ஆடுகிறது. மலைப்பயிர் செட்டிநாட்டுக்கு வந்தபோது செட்டிநாட்டு மண்ணின் நோய் அதைப் பிடித்திருக்கிறது.

எப்படி நடந்திருக்கும் என்று சொல்கிறேன். கடுகு போன்ற அந்த மணிகள் பூஞ்சையின் உறங்கும் வித்துக்கள். மேல்மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். முளைத்துச் செடியைத் தாக்க இதற்குப் பலம் வேண்டும். அந்தப் பலத்தை மட்காத இலை, கொடி, சருகிலிருந்து எடுத்துக்கொள்ளும். மழை பெய்து, பிறகு வெயில் அடித்து, மண் நனைவதும் காய்வதுமாக இருந்தால் இன்னும் வசதி. நீங்கள் டிசம்பர் 22-இல் நோயுள்ள கொடியைத் தண்டோடு சேர்த்து அணைத்தீர்கள். பதினோராம் நாள் முதல் செடி வாடியது. பூஞ்சை முதலில் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து தண்டின் திசுவைச் சாகடிக்கும், பிறகு அதைத் தின்னும். தண்ணீர் மேலே ஏற வழியில்லாமல் இலை தொங்குகிறது. கிழங்கில் பழுப்புத் திட்டு விழுகிறது. அந்த நிலையில் நாற்றம் இருக்காது. அந்தத் திட்டு வழியாக மென்னழுகல் பாக்டீரியா நுழைந்த பிறகுதான் கூழும் நாற்றமும்.

ஆன்ட்டிபயாடிக் பொடி பூஞ்சையை ஒன்றும் செய்யாது. இலையில் தெளித்த மேன்கோசெப் மண்ணுக்குள் இருக்கும் தண்டை எட்டாது. உங்கள் பணமும் இரண்டு வாரமும் போனது அதனால்தான்.

இப்போது செய்ய வேண்டியது. வாடிய செடிகளைச் சுற்றிலும் ஒரு சாண் அகல மண்ணோடு கோணியில் எடுத்து எரித்துவிடுங்கள். எருக்குழியில் போடவே கூடாது. போட்டால் அடுத்த ஆண்டு எருவோடு கொல்லை முழுக்க நீங்களே விதைத்ததாக ஆகும். கீழ்ப்பாதியில் நிற்கும் செடிகளின் தண்டைச் சுற்றி உள்ள கொடிக் குப்பையைக் கையால் விலக்குங்கள். தண்ணீரை மேல்பாதிக்கு முதலில் பாய்ச்சுங்கள். கீழ்ப்பாதியில் ஓடிய தண்ணீர் மேலே வர வேண்டாம். கைக்கொத்தும் அப்படியே: மேல்பாதி வேலை முடித்த பிறகுதான் கீழ்ப்பாதி. மருந்து ஊற்றி வாடிய செடியை எழுப்ப முடியாது, அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

அறுவடைக்குப் பிறகு கீழ்ப்பாதி மேல்மண்ணை ஒரு முழ ஆழத்துக்குக் கீழ்மேலாகப் புரட்டுங்கள். ஆழத்தில் போன மணிகள் காற்றில்லாமல் வலுவிழக்கும். அடுத்த உழவில் அவற்றைத் திரும்ப மேலே கொண்டுவராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் மண்ணை நனைத்து, கண்ணாடிபோல் தெரியும் பாலித்தீன் தாளை ஓரம் புதைத்து இறுக்கமாக மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். செட்டிநாட்டு வெயிலுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. பிறகு நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி. பரிந்துரை ஹெக்டேருக்கு இரண்டரை கிலோ, 50 கிலோ மட்கிய எருவில் கலந்து. உங்கள் ஒன்றரைச் சென்டுக்கு 15 கிராம்தான் வருகிறது. 100 கிராம் போட்டாலும் தவறில்லை. தாமிர மருந்து ஊற்றிய மண்ணில் உடனே போடாதீர்கள், டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான், அந்த மருந்தில் செத்துவிடலாம்.

உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினால் அந்த மங்குத் தட்டை மூடிக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். உங்களுக்கு மிகப் பக்கம்.

திருமயம் கடலைக்காரர் | ஜனவரி 22

ஆச்சி, இதைப் படித்துவிட்டு இன்று காலை என் கடலைக் காட்டுக்குப் போய் வாடிய கொடிகளைப் பெயர்த்துப் பார்த்தேன். அதே வெள்ளை இழை, அதே கடுகு. ஐந்து ஆண்டுகளாக வேர்ப்புழு என்று நினைத்து மருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி: அடுத்துக் கேழ்வரகு போட்டால் நோய் விலகுமா?

பயிர்நோய் ஆசிரியர், ஓய்வு | ஜனவரி 22

கேழ்வரகு வேண்டாம். அதற்கும் இதே பூஞ்சையால் அடித்தண்டு அழுகும். மக்காச்சோளமோ சோளமோ போடுங்கள். ஆச்சியின் மேல்பாதியே அதற்குச் சாட்சி. ஒரு போகம் போதாது. இரண்டு மூன்று போகமாவது கடலை, மிளகாய், தக்காளி இல்லாமல் இருக்கட்டும். கடலை விதைக்கும்போது விதையில் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்துகொள்ளுங்கள். களை எடுக்கும்போது கொடியின் அடியில் மண்ணையும் சருகையும் குவிக்காதீர்கள்.

பள்ளத்தூர் கொல்லை | பிப்ரவரி 13

நேற்று கிழங்கு எடுத்தோம், எண்பதாம் நாள். மேல்பாதி 47 கிலோ 300 கிராம். பாதிக்கு மேல் எலுமிச்சை அளவு, சில மட்டும் முட்டை அளவு. கீழ்ப்பாதியில் தேறியது 4 கிலோ 100. கீழ்ப்பாதிக் கிழங்கில் திட்டு இல்லாதவற்றைக்கூட விதைக்கு வைக்கவில்லை, தனிக் கூடையில் போட்டு இந்த வாரச் சமையலுக்கே எடுத்துக்கொண்டேன்.

ஐயா சொன்னபடி மங்குத் தட்டைக் குன்றக்குடிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் பார்த்தவுடன் அதே பெயரைச் சொன்னார். பிறகு தட்டை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கழுவினேன். மணிகளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

கீழ்ப்பாதி மண் புரட்டும் வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. பாலித்தீன் தாள் காரைக்குடியில் சொல்லியாகிவிட்டது. கொடியை மூடாக்காகப் போட்ட அந்த நாளின் பக்கத்தில், நவம்பர் 26-க்கு எதிரே, சிவப்பு மையில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: கடலைக் கொடி, நோய் உள்ளது, மாட்டுக்கும் எருவுக்கும் மூடாக்குக்கும் கூடாது. எனக்குப் பிறகு இந்தக் கொல்லையைப் பார்ப்பவர் பேரேட்டைப் புரட்டினால் தெரிந்துகொள்ளட்டும்.

படைப்புக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. மேல்பாதிக் கிழங்கில் சின்னதாக ஆறு கிலோ பொறுக்கிச் சாக்கு விரித்து வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் இருட்டாகவும் காற்றோட்டமாகவும் பரப்பி வைத்திருக்கிறேன். இன்று காலையில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் அழுகவில்லை.